ஒற்றை உள்நுழைவு: கீக்ளோக்கை நாமே நடத்துவதா, கிளவுட் சேவையை வாங்குவதா?

சில நூறு பணியாளர்களும், அவர்கள் அன்றாடம் திறக்கும் சில டஜன் செயலிகளும் உள்ள ஒரு நிறுவனம் எல்லாவற்றுக்கும் ஒரே உள்நுழைவு வேண்டும் என்று முடிவெடுத்தால், அதன் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வந்து நிற்கும். ஒன்று, கீக்ளோக் போன்ற திறந்த மூல மென்பொருளைத் தன் சர்வரில் நிறுவித் தானே நடத்துவது. மற்றொன்று, ஓக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி போன்ற ஒரு கிளவுட் சேவைக்கு ஆள் கணக்கில் சந்தா கட்டுவது. நான் பணிபுரியும் இடத்தில் கீக்ளோக்கையும் என்ட்ராவையும் சோதித்துப் பார்த்த பிறகு என்ட்ராவைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு சரி என்றே இன்றும் கருதுகிறேன். ஆகவே இந்த அலசலில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். பணியாளர்களின் அடையாளத்தைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

உள்நுழைவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உள்நுழைந்தவர் யார் என்பதைச் செயலிக்குத் தெரிவிக்கும் தரநிலைகளான, 2005-இல் தரநிலையான எஸ்ஏஎம்எல் 2.0, 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகிய இரண்டையும் இரு தரப்பும் ஏற்கின்றன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் மின்னணுச் சாவி), ஏற்கெனவே உள்ள ஆக்டிவ் டைரக்டரி என்ற மைக்ரோசாஃப்ட் பயனர் பட்டியலுடன் இணைப்பு ஆகியவையும் அப்படியே. செலவுக் கணக்கிலும் நான் அதிகம் தங்கப்போவதில்லை. கீக்ளோக்குக்கு உரிமக் கட்டணம் கிடையாது என்றாலும் அதை அறிந்த ஒரு பொறியாளரின் நேரம் வேண்டும். என்ட்ராவில் நிபந்தனை அணுகல் (சாதனம், இடம் போன்றவற்றைப் பார்த்து அனுமதிப்பது) போன்ற உருப்படியான வசதிகள் வேண்டுமானால் பி1 என்ற கட்டண உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தவிர, பல செயலி நிறுவனங்கள் ஒற்றை உள்நுழைவைத் தங்கள் விலை உயர்ந்த திட்டங்களில் மட்டுமே தருகின்றன. துறையில் ‘எஸ்எஸ்ஓ (ஒற்றை உள்நுழைவு) வரி’ என்று அலுத்துக்கொள்ளும் இந்தக் கூடுதல் செலவு எந்த வழியில் போனாலும் நம் தலையில்தான் விழும்.

கீக்ளோக்கின் சிறப்புகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கி 2014-இல் முதல் வெளியீட்டைக் கண்ட அது, 2023-இல் திறந்த மூலக் கிளவுட் மென்பொருள்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பின் திட்டங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. பயனர் தரவு முழுவதும் நம்முடைய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலேயே இருக்கும். செயலிக்குக் காட்டும் மின்னணு அனுமதிச் சீட்டான டோக்கனுக்குள் எந்த விவரம் போக வேண்டும் என்பதைத் துல்லியமாக அமைக்கலாம். உள்நுழைவுப் பக்கத்தின் தோற்றத்தை நம் விருப்பப்படி மாற்றலாம். இதற்கான விலையைப் பதிப்பு உயர்த்தும்போது கொடுக்கிறோம். 2022-இல் வந்த 17-ஆம் பதிப்பு அடித்தள மென்பொருளை வைல்டுஃபிளையிலிருந்து குவார்கஸுக்கு மாற்றியபோது, அமைப்புக் கோப்புகளின் வடிவமே மாறியதோடு, முகவரிகளில் இயல்பாக இருந்த ‘ஆத்’ என்ற பகுதியும் நீங்கியது. அதைத் திரும்ப அமைத்துக்கொள்ள வழி இருந்தது. இருந்தாலும் கவனிக்காமல் உயர்த்தியவர்களுக்கு ஒவ்வொரு செயலியிலும் உள்நுழைவு முறிந்தது. சமூகப் பதிப்பில் பழைய வெளியீடுகளுக்கு நீண்டகால ஆதரவு கிடையாது என்பதால், பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். 2024-இல் வந்த 26-ஆம் பதிப்புக்குப் பிறகு பெரிய மாற்றங்களின் வேகம் தணிந்திருப்பதையும், சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் பயனர் அமர்வுகள் (உள்நுழைந்தே இருக்கும் நிலை) அழியாமல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் ஒரு திறமையான பொறியாளர் சமாளிக்கக்கூடியவை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வேலையை விட்டுப் போகிறவரின் அணுகலை எப்படி நீக்குவது என்ற கேள்வி.

ஒற்றை உள்நுழைவு வந்துவிட்டால், ஓரிடத்தில் கணக்கை முடக்கினால் எல்லாக் கதவுகளும் அடைபடும் என்றே பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நடப்பதைப் பாருங்கள். எஸ்ஏஎம்எல் வழியாக ஒருவர் ஒரு செயலிக்குள் நுழையும்போது, அடையாளச் சேவை (கீக்ளோக்கோ என்ட்ராவோ) ஓர் உறுதிமொழியை ஒரே ஒருமுறை கையெழுத்திட்டு அனுப்புகிறது. அதைச் சரிபார்த்த செயலி தன்னுடைய சொந்த அமர்வைத் தொடங்கிக்கொள்கிறது. அந்த அமர்வின் ஆயுள் இரண்டு வாரம் என்று செயலி வைத்திருந்தால், மையக் கணக்கை முடக்கிய பிறகும் அவருடைய கைபேசி உலாவியில் அந்தச் செயலி இரண்டு வாரம் வரை திறந்தே கிடக்கலாம். வாசலில் பூட்டை மாற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவரை மறந்துவிடுவது போன்றது இது.

அமர்வாவது ஒருநாள் முடிந்துவிடும், முடியாதவையும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை விடைபெறும் ஒரு நிரலாளரை எடுத்துக்கொள்வோம். மனிதவளப் பிரிவு பதிவை மூடுகிறது, மையக் கணக்கு முடங்குகிறது, மின்னஞ்சல் நிற்கிறது. ஆனால் நிரல் களஞ்சியத்தில் அவர் தன் பெயரில் உருவாக்கிய அணுகல் டோக்கன் உள்நுழைவுப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. கடவுச்சொல் இல்லாமல் சர்வருக்குள் நுழைய அவர் அதில் பதித்த எஸ்எஸ்எச் சாவியும் அப்படியே. ஒற்றை உள்நுழைவு வருவதற்கு முன்பே, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொண்டு அவர் திறந்த பழைய கணக்கு ஏதோ ஒரு வடிவமைப்புக் கருவியில் இன்னும் உயிரோடு இருக்கும். முதல்முறை நுழையும்போதே கணக்கைத் தானாக உருவாக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. அந்த வசதிக்கு உருவாக்க மட்டுமே தெரியும், நீக்கத் தெரியாது.

இதற்கான மருந்தாகத்தான் 2015-இல் ஸ்கிம் 2.0 தரநிலை வந்தது. மையத்தில் ஒருவர் முடக்கப்பட்டதும், ‘இந்தப் பயனர் இனிச் செயலில் இல்லை’ என்ற செய்தியை ஒவ்வொரு செயலிக்கும் அனுப்புவதே அதன் வேலை. காகிதத்தில் எளிய ஏற்பாடுதான். நடைமுறையில் ஒரு செயலி அந்தச் செய்தியைப் பெற்றதும் கணக்கை உறங்க வைக்கிறது. இன்னொன்று அடியோடு அழிக்கிறது. சில செயலிகள் அவருக்கான உரிமத்தை விடுவித்து டோக்கனை மட்டும் விட்டுவைக்கின்றன. பெயர், துறை போன்ற பயனர் விவரப் புலங்களுக்குப் பெயரிடுவதிலும் ஆளுக்கொரு வழக்கம். ஒவ்வொரு செயலியின் இந்தக் கோணல்களையும் கற்று இணைப்பை எழுதுவதும், அந்தச் செயலி தன் இடைமுகத்தை மாற்றும்போதெல்லாம் திருத்துவதும் முடிவில்லாத வேலை. சந்தா கட்டி நாம் வாங்குவது உண்மையில் இந்தப் பராமரிப்பைத்தான் என்பது என் துணிபு. ஓக்டாவும் என்ட்ராவும் ஏராளமான செயலிகளுக்கு ஆயத்த இணைப்புகளைப் பராமரித்துத் தருகின்றன. கீக்ளோக்கிலோ, ஸ்கிம் வசதிக்கு நெடுங்காலம் பிறர் எழுதிய நீட்சிகளையே நம்ப வேண்டியிருந்தது. அந்த நீட்சிகள் ஒவ்வொன்றும் அடுத்த பதிப்போடு ஒத்துப்போகுமா என்பது தனிக் கவலை. நாங்கள் பயன்படுத்தும் செயலிகளில் பெரும்பாலானவை வெளியே வாங்கியவை என்பதால், இந்த ஒரு காரணமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கிளவுட் சேவை வாங்கினால் வேலை முடிந்தது என்று பொருள் இல்லை. என்ட்ராவின் தானியங்கி ஒத்திசைவு சுமார் 40 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. அவசரமாக ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் தனியாக உந்திவிட வேண்டும். எஸ்ஏஎம்எல் கையெழுத்துச் சான்றிதழ் இயல்பாக மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். 60, 30, 7 நாட்களுக்கு முன் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும், ஆனால் அது செயலியை இணைத்த நிர்வாகியின் முகவரிக்குப் போகும்படி விட்டிருந்து, அந்த நிர்வாகியே வேலையை விட்டுப் போயிருந்தால், எச்சரிக்கையைப் படிக்க ஆள் இருக்காது. குழு முகவரி ஒன்றை முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. நாமே எழுதிய செயலிகளில் கீக்ளோக்கின் பிடி இறுக்கமானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: அதன் அணுகல் டோக்கன் இயல்பாக 5 நிமிடமே செல்லும், என்ட்ராவில் 60 முதல் 90 நிமிடம்.

கிளவுட் வழிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், எல்லாச் சாவிகளையும் பிறரிடம் கொடுக்கிறோம் என்பது. அது வெறும் அச்சம் அல்ல. 2023-இல் ஓக்டாவின் வாடிக்கையாளர் ஆதரவு அமைப்புக்குள் ஊடுருவியவர்கள் 134 வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய கோப்புகளைப் பார்த்தார்கள். அவற்றில் சிலவற்றில் இருந்த அமர்வு டோக்கன்களைக் கொண்டு 5 வாடிக்கையாளர்களின் அமர்வுகளைக் கைப்பற்றினார்கள். 2021 மார்ச் மாதத்தில், அப்போது அஸூர் ஏடி என்று அழைக்கப்பட்ட இன்றைய என்ட்ராவில், தக்கவைக்க வேண்டிய ஒரு குறியாக்கச் சாவியைத் தானியங்கிச் சுழற்சி நீக்கிவிட, டீம்ஸ் உட்பட பல சேவைகள் சுமார் 14 மணி நேரம் பாதிக்கப்பட்டன. இவற்றை அறிந்தும் நான் கிளவுட் பக்கமே நிற்கிறேன்; காரணம், இரண்டு பேர் கொண்ட எங்கள் குழு அதைவிடச் சிறந்த கண்காணிப்பைத் தர முடியும் என்று என்னால் நெஞ்சறியச் சொல்ல முடியவில்லை. எனினும், வேறு எதையும் சார்ந்திராத அவசரக் கணக்குகள் இரண்டை வன்சாவியோடு (கையில் வைத்திருக்கும் பாதுகாப்புச் சாதனம்) பாதுகாத்து வைப்பதை யாரும் தவிர்க்கக்கூடாது.

வெளியேறும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீக்ளோக்கில் கடவுச்சொற்களின் ஹாஷ் மதிப்புகள் (கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவம்) நம் தரவுத்தளத்திலேயே இருப்பதால், எடுத்துக்கொண்டு போகலாம். ஓக்டாவோ என்ட்ராவோ அவற்றை ஏற்றுமதி செய்து தருவதில்லை. இடம் மாறினால் எல்லோரும் கடவுச்சொல்லைப் புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். பாஸ்கீகள் அந்தந்த டொமைனோடு கட்டுண்டவை என்பதால், உள்நுழைவு முகவரி மாறினால் அவையும் உடன் வரா. பணியாளர்களுக்கு இது ஓரிரு வாரத் தொல்லை. பல லட்சம் வாடிக்கையாளர்கள் என்றால் பெருந்தலைவலி.

அதனால்தான் வாடிக்கையாளர் உள்நுழைவுக்கும், இணையத்தோடு தொடர்பற்ற வலைப்பின்னலுக்கும், பயன்படுத்தும் செயலிகளில் பெரும்பகுதியைத் தாமே எழுதிய நிறுவனத்துக்கும் கீக்ளோக் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இவற்றில் முதலிரண்டில் என் நேரடி அனுபவம் குறைவு. அங்கே நெடுநாள் நடத்தியவர்களின் சொல்லுக்கே அதிக எடை கொடுங்கள்.

எதை வாங்குவதாக இருந்தாலும், சோதனைக் காலத்தில் ஒரு காரியத்தைச் செய்து பாருங்கள். ஒரு போலிப் பணியாளரை உருவாக்கி, நீங்கள் அதிகம் நம்பும் ஐந்து செயலிகளிலும் நுழைய வைத்து, களஞ்சியத்தில் அவர் பெயரில் ஒரு டோக்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மையக் கணக்கை முடக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் அந்த ஐந்தில் எவை இன்னும் திறக்கின்றன, டோக்கன் இன்னும் வேலை செய்கிறதா என்று குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலோடு விற்பனையாளரிடம் பேசுங்கள்.