சுடோகு: முதலில் எண்ணைத் தேடுவதா, கட்டத்தை நிரப்புவதா?

ஞாயிறு பேப்பரில் வரும் சுடோகுவைத் தொடங்க இரண்டு வழிகள் உண்டு. 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாக எடுத்து, எந்தப் பெட்டியில் (3க்கு 3 கட்டங்கள் கொண்ட பகுதி) எங்கே விழும் என்று தேடுவது ஒன்று. காலிக் கட்டங்களில் வரக்கூடிய எண்களை எல்லாம் பொடியாக எழுதிவிட்டு அழித்துக்கொண்டே போவது மற்றது. பழகுபவர்கள் பலர் இரண்டாவதில் இறங்குகிறார்கள்; பார்க்க அதுதான் ஒழுங்கான முறை போலத் தெரியும். ஆனால் முதலில் கைக்கு வரவேண்டியது எண் தேடல்தான்.

காரணம் ஒன்றே: பொடி எண்களைப் பராமரிக்கும் பாடு. 26 எண்கள் தந்த புதிரில் 55 கட்டங்கள் காலி. கட்டத்துக்கு மூன்று என்று வைத்தாலும் 165 பொடி எண்கள். ஓர் எண்ணை உறுதியாக எழுதியதும், அதன் நிரை (கிடைவரிசை), நிரல் (நெடுவரிசை), பெட்டி மூன்றிலுமாக 20 கட்டங்களைப் பார்த்து அந்த எண்ணை நீக்க வேண்டும். நீக்க மறந்தால் புதிர் நகராது. நீக்கக்கூடாத ஒன்றை நீக்கிவிட்டால் இன்னும் மோசம்: அப்போது எதுவும் தெரியாது, வெகுநேரம் கழித்து ஒரே நிரையில் இரண்டு 6 வந்து நிற்கும். எங்கே பிசகியது என்று திரும்பிப் போகவும் வழியிருக்காது. நுவரெலியாப் பக்கம் மழை மாதங்களில் பேப்பர் நமுத்துக் கிடக்கும். ஒரே இடத்தில் மூன்றாம் தடவை அழிறப்பர் பட்டால் தாளே கிழிந்துவிடும்.

எண் தேடலில் அந்தப் பாடு இல்லை. மேல் வரிசையின் மூன்று பெட்டிகளை எடுங்கள். இடப் பெட்டியில் 7 முதல் நிரையில், நடுப் பெட்டியில் 7 இரண்டாம் நிரையில். அப்படியானால் வலப் பெட்டியின் 7 மூன்றாம் நிரையில்தான். அங்குள்ள மூன்று கட்டங்களில் நடுவில் 4 இருக்கிறது. வலக்கோடியின் நிரலில் கீழே ஏற்கனவே ஒரு 7. மிச்சம் இடப்பக்கக் கட்டம், எழுதிவிடலாம். ரயிலில் ஆடும்போது வண்டி மலைநாட்டுச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தாலும், '7 முடிந்தது, அடுத்து 8' என்ற நினைவே தொடரப் போதும்.

எழுதவே கூடாது என்பதல்ல. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டே இடங்கள் இருந்தால் மட்டும் அந்த இரண்டின் மூலையிலும் குறியுங்கள். உலக சுடோகுப் போட்டியில் 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் வென்ற தோமஸ் ஸ்னைடரின் பெயரால் அறியப்படும் முறை இது. இந்தக் குறிப்பு சும்மா கிடக்காது. 3 குறித்த இரண்டு கட்டங்களில் ஒன்றில் 8 விழுந்தால், மற்றது அந்தக் கணமே 3. இரண்டும் ஒரே நிரையில் இருந்தால், அந்த நிரையில் பெட்டிக்கு வெளியே 3 வராது. 2உம் 5உம் அதே இரண்டு கட்டங்களில் குறிக்கப்பட்டால் அது சோடி. வேறெந்த எண்ணுக்கும் அங்கே இடமில்லை, பெட்டியின் மற்ற எண்கள் தானாக நெருங்கி வரும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் 3 மட்டும் குறித்திருப்பதைக் கண்டு, விடை 3தான் என்று எழுதிவிடுவது. இந்த முறையில் தனிக்குறி என்றால் 'இங்கே அல்லது அங்கே' என்று மட்டுமே பொருள்.

ஆறு, ஏழு எண்கள் நிரம்பிய நிரையிலும் நிரலிலும் இல்லாத எண்களைப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான்.

1 முதல் 9 வரை இரண்டு சுற்று போயும் ஒன்றும் விழவில்லை என்றால், அப்போது முழுக் குறிப்புக்கு மாறுங்கள். காலிக் கட்டங்கள் குறைந்திருப்பதால் எழுத்தும் அழிப்பும் சிறுக்கும். எக்ஸ்-விங் போன்ற உத்திகளுக்கு இந்த நிலையில்தான் வேலை: ஓர் எண்ணுக்கு இரண்டு நிரைகளில் தலா இரண்டே இடங்கள், அவை அதே இரண்டு நிரல்களில் என்றால், அந்த நிரல்களின் மற்றக் கட்டங்களிலிருந்து அந்த எண்ணை நீக்கலாம். பேப்பர் புதிர்களில் இது அரிதாகவே தேவைப்படும் என்பதால், முதலில் இதைப் படிக்கச் சொல்லமாட்டேன். போனில் ஆடுபவர்களுக்குக் கணக்கு வேறாகலாம். பொடி எண்களைத் தானாக அழித்துத் தரும் செயலியில் பராமரிப்புப் பாடு பெரும்பாலும் போய்விடுகிறது.

தாளில் என்றால் கட்டம் போட்ட கொப்பியில் நான்கு சிறு கட்டங்களை ஒன்றாக்கி, 18க்கு 18 அளவில் புதிரைப் பெயர்த்துக்கொள்ளுங்கள். மூலைக்குறிக்கு இடம் கிடைக்கும், அழித்தாலும் தாள் தாங்கும்.