சிறு படகுத்துறைக்கு எந்தத் தூண்: மரமா, கான்கிரீட்டா, இரும்பா?

ஒன்றரை மீட்டர் அகல நடைமேடை, இரண்டு மூன்று மீட்டர் ஆழ உவர்நீர், அடியில் களிச்சேறு, கட்டி நிற்பவை சிறு படகுகள். இந்த அளவுக்குள் அடங்கும் துறைக்குத்தான் இந்த ஒப்பீடு. லாரி ஏறி இறங்கும் துறை என்றால் கணக்கே வேறு. அங்கே மரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எங்கள் ஓட்டு, மருந்தேற்றி உறை போட்ட மரத்துக்கு. பலம் இதற்குக் காரணமல்ல. இந்தச் சுமைக்கு மூன்றுமே தாராளம். விலையும் காரணமல்ல, அது ஊருக்கு ஊர் மாறும். காரணம் ஒன்றே: கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற அந்த ஒன்றிரண்டு மீட்டர் கெட்டுப்போகும்போது, அதை எப்படிச் சரிசெய்வது? சேற்றுக்குள் புதைந்த பகுதி எந்தப் பொருளிலும் பெரிதாகத் தொல்லை தராது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரமே நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கெடுவதெல்லாம் நடுப்பகுதிதான்.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அதுதான் பராமரிப்பே வேண்டாத பொருள். நீர்-சிமென்ட் விகிதம் 0.40, கம்பியை மூடி 75 மி.மீ. கான்கிரீட் (கவர்), உலைக்கசடு அல்லது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட் என்று ஒழுங்காக வார்த்தால் வெகுகாலம் நிற்கவும் செய்யும். சிக்கல், கெடுவது வெளியே தெரியாது என்பதில். குளோரைடு உள்ளே ஊறிக்கொண்டே போய்க் கம்பியைத் தொட்ட பிறகுதான் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அப்போதுதான் மூலையில் நீளவாக்கில் விரிசல் தெரியும். விரிசல் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

உடைந்த இடத்தைக் கொத்திப் புதுக்கலவை பூசினால் தீருமா என்றால், தீராது. பூசிய இடத்துக் கம்பி தப்பித்துவிடும். அதை ஒட்டி, உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பூச்சைச் சுற்றி வளையம் போலப் புது விரிசல் விழுவது இதனால்தான். ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி எடுத்து, துரு போகத் தேய்த்து, கம்பியோடு துத்தநாக ஆனோடு (தான் கரைந்து கம்பியைக் காக்கும் துண்டு) கட்டி, அதன் பிறகே வார்க்க வேண்டும். இத்தனையையும் ஓதம் ஏறுவதற்குள், தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டு. சின்னத் துறைக்கு இது கட்டுப்படியாகாத வேலை.

சதுப்பு நிலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 300 மி.மீ. சதுரக் கான்கிரீட் பைல் (நிலத்தில் அடித்து இறக்கும் தூண்) மீட்டருக்குச் சுமார் 216 கிலோ. பத்து மீட்டர் என்றால் இரண்டு டன்னைத் தாண்டும். அதே அளவு மரம் அறுநூறு, எழுநூறு கிலோவில் முடியும். இரண்டு டன்னைத் தூக்கும் கிரேனைச் சேற்றில் நிறுத்த, அலையாத்திக் காட்டை மிதித்துப் பாதை போட வேண்டிவரும். போதாததற்கு, மென்மையான சேற்றில் பைலை அடிக்கும்போது கீழே எதிர்ப்பு இல்லாததால் அடியின் அதிர்வு இழுவிசையாகத் திரும்பி வந்து குறுக்கே மயிரிழை விரிசல் போடும். தலையில் தடித்த பிளைவுட் மெத்தை வைத்து, சுத்தியலைத் தாழ்ந்த உயரத்திலிருந்து விடாவிட்டால், முதல் நாளே உப்புக்கு வழி திறந்துவிடும்.

இரும்புக் குழாய் நேர்மையான பொருள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மீயொலிக் கருவியை வைத்தே அளந்துவிடலாம். மிதவெப்பக் கடல்நீருக்கு ஐரோப்பிய விதி தரும் கணக்கில், அலை தெறிக்கும் பகுதியிலும் தாழ்நீர்ப் பகுதியிலும் 25 ஆண்டில் 1.9 மி.மீ., 50 ஆண்டில் 3.75 மி.மீ. கரையும். வெதுவெதுப்பான நீரில் கூடுதலாகவே எதிர்பார்க்க வேண்டும். ஆனோடு கட்டினால் நீரில் மூழ்கிய பகுதி மட்டுமே தப்பும். தெறிப்புப் பகுதிக்குப் பூச்சுதான் கதி. தாழ்நீர் மட்டத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத் திட்டு, அதைச் சுரண்டினால் கறுப்புக் கூழ், அதன் கீழே பளபளவெனக் குழிவிழுந்த இரும்பு தெரிந்தால் பாக்டீரியா வேலை. அது ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கு மேலும் தின்னும், பத்து மி.மீ. சுவர் இருபது ஆண்டில் ஓட்டை. அலையாத்திச் சேற்றைத் தோண்டிக் காயவிட்டால் அதிலுள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கந்தக அமிலமாக மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. அது இரும்பையும் கான்கிரீட்டையும் அரிக்கும்.

இனி மரம். இதற்கு எதிரிகள் இரண்டு. கப்பல்புழு குண்டூசித் தலையளவு துளையில் குஞ்சாக நுழைந்து உள்ளேயே வளரும். வெளியே மரம் புத்தம்புதிதாகத் தெரியும், உள்ளே தேனடை. லிம்னோரியா என்ற பொடிக் கடற்பூச்சி வெளியிலிருந்து கொறிக்கும். பைல் உடுக்கை மாதிரி இடை சிறுத்துப்போகும். 300 மி.மீ. விட்டம் 240 ஆகச் சிறுத்தால் பார்ப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் போனது. வளைவைத் தாங்கும் பலத்திலோ ஏறக்குறைய பாதி போய்விட்டது. மழையில் நன்னீர் பாயும் கழிமுகம்தானே, புழு செத்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். கப்பல்புழு தன் வளையின் வாயை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பிழைத்திருக்கும்.

ஆகவே முதலில் மருந்தின் அளவு. அமெரிக்கத் தர அளவின்படி மண்ணில் நடும் வேலிக் கம்பத்துக்கு ஒரு கனமீட்டரில் 6.4 கிலோ சிசிஏ (தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மர மருந்து). உவர்நீர்ப் பைலுக்கு 24 முதல் 40 கிலோ. இரண்டுமே ஒரே பச்சை நிறம்! முத்திரையைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஆர்செனிக் இருப்பதால் இந்த மரத்தைக் கை படும் கைப்பிடிக்கும் தளப்பலகைக்கும் போடக் கூடாது. பல நாடுகளில் கட்டுப்பாடும் உண்டு. மருந்து நிற்பது வெளிச்சுற்றில்தான். அதனால் உயர்நீர் மட்டத்துக்குக் கீழே துளை போடாதீர்கள், போல்ட் முடுக்காதீர்கள். மேலே வெட்டிய தலைக்கும் போட்ட துளைக்கும் காப்பர் நாஃப்தனேட் என்ற மர மருந்தைத் தடவி, தலைக்குத் தொப்பி போட வேண்டும். இல்லையென்றால் புழுவிடம் தப்பிய மரம் மழைநீரில் மக்கும்.

அடுத்து உறை. 0.75 மி.மீ. பிவிசி தாளைப் பைலைச் சுற்றி இறுக்கி, மேல்விளிம்பு உயர்நீர் மட்டத்தைத் தாண்டவும் கீழ்விளிம்பு சேற்றுக்குள் அரை மீட்டராவது இறங்கவும் வைத்து, இரு முனையிலும் நுரைப்பட்டை வைத்து 316 ரகத் துருவேறா எஃகு ஆணி அடிப்பார்கள். உள்ளே மாட்டிய நீர் புதுப்படாது. பிராணவாயு தீர்ந்ததும் இருக்கிற புழுவும் சாகும், புதிதும் நுழையாது. தாமிரம் தண்ணீரில் கசிவதும் குறையும். தேங்கிய சதுப்பு நீரில் இது முக்கியம். படகு உரசி உறை கிழியும் என்பதுதான் பலவீனம். அதற்காக உறைமேல் கட்டையை ஆணியடித்து வைத்தால் நீங்களே கிழித்த மாதிரி. தடுப்பை மேலேயிருந்து கயிற்றில் தொங்கவிடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு பைல் போய்விட்டால்? அங்கேதான் மரம் ஜெயிக்கிறது. பக்கத்துப் பைல்களின் மேல் உத்தரம் வைத்து, ஜாக்கியால் மேடையை இரண்டு விரற்கடை தூக்கி, போல்ட்டைக் கழற்றி, நீர்ப்பீய்ச்சியால் சேற்றைத் தளர்த்திப் பழையதை உருவிவிட்டுப் புதியதை இறக்கலாம். உருவ வராவிட்டால் ஒட்டினாற்போல இன்னொன்றை இறக்கிப் பிணைக்கலாம். கடைசி ஒரு மீட்டரை மட்டும் பீய்ச்சாமல் அடித்தே இறக்குங்கள். இல்லாவிட்டால் அடி தளர்ந்தே நிற்கும். மிதவையும் சிறு இயந்திரமும் போதும்.

கண்ணாடியிழைப் பைல்? துருவும் இல்லை, புழுவும் இல்லை, எடையும் குறைவு. ஆனால் வளைந்து கொடுக்கும், வெயிலில் மேல்பூச்சு போனால் இழை வெளியே வரும். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள அளவு நீண்ட காலக் கணக்கு இதற்குக் கிடையாது. அதனால் சிபாரிசும் இல்லை, மறுப்பும் இல்லை.

மரத்தைத் தேர்ந்தால் ஆண்டுக்கு இரு முறை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தில் இறங்கிப் பாருங்கள். கொட்டலசைச் சுரண்டி, உறையின் கீழ்விளிம்பு இன்னும் சேற்றுக்குள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். நீரோட்டம் சேற்றை அரித்து விளிம்பு வெளியே வந்திருந்தால், புழு ஏறப்போகும் இடம் அதுதான்.