யெஸ்டியை விற்க: கன்சல்டிங்கா, நேரடியா?

வேலூரில் என் பழைய யெஸ்டி ரோட்கிங் பைக்கை விற்க முதலில், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடைக்குத்தான் போனேன். கையோடு பணம், அலைச்சல் இல்லை. சரி, விலை? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் திணறாமல் ஏறும் வண்டிக்குக் காயலான் கடை விலை! பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வேறு எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். பெயர் மாறுவதற்குள் நாளை யாராவது இடித்துவிட்டால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருப்பது என் பெயர்.

நேரடியாக விற்றால் வெட்டியாக ஓட்டிப் பார்க்க வருபவர்கள்தான் அதிகம். ஆனால் விஷயம் தெரிந்தவர் கியர் லீவரையே உள்ளே தள்ளி, மேலே திருப்பி, கிக்கராக்கி உதைப்பார். இரண்டு சைலன்சரிலும் புகையைப் பார்ப்பார். 15 வருடம் தாண்டிய வண்டியாச்சே, ஆர்.சி. புதுப்பித்தாயிற்றா என்பார். அப்புறம்தான் விலை. அவருக்காக ஒரு மாதம்கூடக் காத்திருப்பேன்.