தெரிந்தவர்களிடம் காட்டுவதா, புனைபெயரில் எழுதுவதா?

எழுதியதை வீட்டாரிடம் காட்டினால் உடனடி லாபம் ஒன்று உண்டு: தப்பைத் திருத்த ஆள் கிடைக்கும். தாத்தாவின் மளிகைக் கடையைப் பற்றி எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். "கல்லாப்பெட்டி வாசல் பக்கம் இல்லடா, உள்ளே அரிசி மூட்டைகிட்ட" என்றார். அது எனக்கு எங்கே தெரியும்?

நஷ்டம் அடுத்த கல்யாண வீட்டில் வந்தது. பந்தியில் பக்கத்து இலைக்கு உட்கார்ந்த அத்தை, "நகைக்குச் சண்டை போட்டது நான்தான்னு எழுதிட்டியாமே" என்றார். நான் எழுதியது வேறு குடும்பத்தை. யார் நம்புவார்கள்? பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் எதை எழுதினாலும், அத்தை படித்தால் என்று யோசித்துப் பாதி வரியை அடித்துவிடுகிறேன்.

புனைபெயரில் அந்தப் பயம் குறைவு. கவிஞர் சல்மாவின் இயற்பெயர் ரொக்கையா. துவரங்குறிச்சியில், புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவர். வேறு பெயர் இருந்ததால்தான் அந்தக் கவிதைகள் அச்சேற முடிந்தது. எழுத்தாளர் சுஜாதா விஷயம் வேறு. இயற்பெயர் ரங்கராஜன்; மனைவியின் பெயரைப் போட்டுக்கொண்டாரே தவிர, ஒளிந்துகொள்ளவில்லை.

ஆனால் புனைபெயரில் பாராட்டு வந்தால் சொல்லிக்கொள்ள ஆள் இருக்காது. சரி, அது தாங்கக்கூடிய கஷ்டம்தான்.

சமையல், பயணம், தாத்தா கடை என்றால் காட்டுவேன். சொத்து, மாமியார், சம்பளம் என்றால் புனைபெயர். அது என் தங்கைக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் ஒன்று இருக்கிறதாம். கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.