எல்லாவற்றையும் பரப்பி வைப்பதா, கேட்ட பிறகு எடுத்து வைப்பதா?

உணவக மேசையில் ஒருவர் உட்காரும் இடத்தையும் அவருக்காக அதில் அடுக்கும் பொருட்களையும் சேர்த்து 'கவர்' என்று சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். கவர் போடுவதில் இரண்டு முறைகள் உண்டு. விருந்தினருக்கு என்ன பரிமாறப்போகிறோம் என்பது முன்பே முடிவாகியிருந்தால் டாப்ல் தோட் முறை. ஊழியர்கள் அதை டி.டி.எச். என்று சுருக்கிச் சொல்வார்கள். மெனு அட்டையைப் பார்த்து அவரே தேர்ந்தெடுப்பார் என்றால் ஆ லா கார்ட் முறை. புதிதாகத் திறக்கும் உணவகங்களில் பலவும் முதல் முறையின் அழகில் மயங்கி, தங்களுக்குச் சற்றும் பொருந்தாத மேசையைப் போட்டு வைக்கின்றன.

அந்த அழகு உண்மையானதுதான். சூப், மீன், இறைச்சி, இனிப்பு என்று நான்கு சுற்று உணவுக்கான டி.டி.எச். கவரைப் பாருங்கள். வலப்பக்கம் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகச் சூப் கரண்டி, மீன் கத்தி, பெரிய கத்தி. இடப்பக்கமும் அதேபோல் வெளியிலிருந்து உள்ளே மீனுக்கான முள்கரண்டி, பெரிய முள்கரண்டி, இரண்டுக்கும் வெளிப்பக்கம் ரொட்டிக்கான சைடு பிளேட், அதன்மேல் சிறிய கத்தி. மேலே குறுக்குவாட்டில் இனிப்புக்கான கரண்டியும் முள்கரண்டியும்: கரண்டியின் காம்பு வலப்பக்கம், முள்கரண்டியின் காம்பு இடப்பக்கம். கத்திகளின் கூர்ப்பகுதி எல்லாம் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். காம்புகளின் அடிப்பகுதி மேசை விளிம்பிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிளாஸ் பெரிய கத்தியின் நுனிக்கு நேர் மேலே. விருந்தினர் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் போதும். எந்தச் சுற்றுக்கு எதை எடுப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானோர் அமரும் விருந்தில் இதற்கு ஈடான முறை கிடையாது. சுற்றுக்குச் சுற்று கரண்டி கொடுக்க ஊழியர்கள் ஓடவேண்டாம். தட்டை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் செலுத்தலாம்.

ஆனால் இடம் வேண்டுமே! ஒரு கவருக்கு 24 அங்குல அகலமாவது தேவை. விருந்துக் கூடங்களில் 6 அடி விட்டமுள்ள வட்ட மேசையைச் சுற்றி 10 நாற்காலி போடுவது சாதாரணம். அந்த மேசையின் சுற்றளவு 226 அங்குலம். ஆளுக்கு 22 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போகப்போக அதுவும் குறுகும். விளைவாக, ஒருவருடைய சைடு பிளேட் பக்கத்தில் இருப்பவரின் கிளாஸோடு இடித்துக்கொண்டு நிற்கும். யாருடைய ரொட்டி யாருக்கு என்ற குழப்பம் வரும். 8 பேரை உட்காரவைத்தால் ஆளுக்கு 28 அங்குலம் கிடைக்கும். முழு டி.டி.எச். கவர் போட நினைப்பவர்கள் முதலில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பிறகு கரண்டிப் பெட்டியைத் திறக்கட்டும்.

ஆ லா கார்ட் கவர் இதற்கு நேரெதிர். பழைய பாடநூல் முறைப்படி மீன் கத்தியும் மீன் முள்கரண்டியும் மட்டும் இருக்கும். இன்று எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கத்தியும் முள்கரண்டியும் வைக்கிறார்கள். கூடவே சைடு பிளேட், நாப்கின், கிளாஸ். அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆர்டர் எடுத்த பிறகு. சூப் கேட்டவருக்குச் சூப் கரண்டி வரும். கத்தி தேவைப்படாத உணவைக் கேட்டவரிடமிருந்து கத்தி விலகும். நாப்கின் விரித்த தட்டில் ஏந்தி வந்து, ஓசை எழாமல், பேச்சுக்கு இடையூறு செய்யாமல் மாற்றிவைப்பதில்தான் ஸ்டூவர்டின் திறமை தெரியும். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் இந்த முறை காலை வாரிவிடும். சூப் முன்னால் வந்து, கரண்டிக்காகக் காத்திருக்கும்போது அது ஆறிப்போவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. இருந்தாலும் மெனு அட்டை உள்ள உணவகத்துக்கு என் வாக்கு இதற்கே. தோசையும் காபியும் கேட்கப்போகிறவர் முன் மீன் கத்தியை வைப்பது அவரை மிரட்டுவதாகும்.

காலை உணவுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் என்றால் சைடு பிளேட், சிறிய கத்தி, கோப்பை போதும். முட்டை முதலானவையும் சேர்ந்தால் பெரிய கத்தியும் முள்கரண்டியும் கூடும். பஃபே என்றால் தட்டு கவுண்டரில் இருக்கும். மேசையில் தட்டு வைப்பது வீண்.

நம் இலைச் சாப்பாட்டிலும் இதே இரு முறைகள் இருக்கின்றன. கல்யாணப் பந்தியில் இலை, உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் ஆள் உட்காரும் முன்பே வந்துவிடுவது உண்டு, அசல் டி.டி.எச். ஓட்டலில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் இலை விழும். இரண்டிலும் குறுகிய நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும்; சோறு பிசையும் வலக்கைக்கு அகலமான பக்கம் கிடைக்கும். தண்ணீர் இடப்பக்கம் இருப்பதே வசதி. வலக்கை சோற்றில் இருக்கும்போது தம்ளரை எடுப்பது இடக்கைதானே.

குளிரூட்டப்பட்ட பிரியாணி உணவகங்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை இங்கேதான். வருபவர்களில் பெரும்பாலோர் கையால் சாப்பிடுகிறார்கள். கிளாஸோ கத்தி நுனிக்கு மேலே என்ற மேலைநாட்டு விதிப்படி வலப்பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் இடக்கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்ட வேண்டும். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கும் கைகளுக்காக உண்டான விதி அது. கையால் சாப்பிடும் மேசையில் கிளாஸ் இடப்பக்கம் போகட்டும், கத்தி மேசையை விட்டே போகட்டும், ஒரு கரண்டி மட்டும் இருக்கட்டும். முடிவில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெதுவெதுப்பான நீருடன் விரல் கிண்ணம் வரட்டும். பாடநூலில் இப்படி ஒரு கவர் இல்லை என்று எந்த மேலாளரும் தயங்க வேண்டாம்.

பிறந்தநாள், திருமண நாள் போன்ற சிறு கொண்டாட்டங்களுக்கு? குடும்பத்தார் மெனுவை முதல் நாளே முடிவு செய்துவிட்டால், தயங்காமல் டி.டி.எச். கவர் போடுங்கள், மேசை நிறைந்திருப்பதே அன்றைக்கு ஒரு மகிழ்ச்சி. பூச்சாடி மட்டும் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்காத உயரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய இடத்தில் கத்தியையும் காம்பு நீண்ட கிளாஸையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். நால்வர் மேசையில் இருவர் மட்டும் வந்து அமர்ந்தால், மற்ற இரண்டு கவர்களையும் மெனு அட்டை கொடுப்பதற்கு முன்பே அகற்றிவிடுங்கள்.