ஹெட்லைட் நல்லதுதான், சார்ஜ் ஏற்றுவதுதான் பாடு

பாலக்கோட்டில் தக்காளி போட்டிருக்கும் என் சித்தப்பா பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். எங்கள் மல்லித் தோட்டத்தில் தலையில் கட்டிக்கொள்ளும் அதே ஹெட்லைட் 1,400 ரூபாயிலிருந்து 850-க்கு இறங்கிவிட்டதாம். “வாங்கட்டுமாண்ணா?” ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம். இதே லைட்டை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள், அட்டைப்பெட்டியின் நிறம் மட்டும்தான் மாறுகிறது. ஒற்றை லித்தியம் செல், டைப்-சி ஓட்டை, வெள்ளை வெளிச்சம் இரண்டு அளவில், கூடவே ஒரு சிவப்பு. உங்களில் பாதிப் பேர் வீட்டில் இது இருக்கும்.

முதலில் அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் திட்டப் போகிறேன். குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் சீசனில் மூன்றரை, நான்கு மணிக்கே தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். எங்கள் பாட்டி காலத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பறித்ததாகச் சொல்வார்கள். ஹெட்லைட் வந்தபின் கை இரண்டும் ப்ரீ. ஆனால் வெள்ளை வெளிச்சம் போட்டால் ஊரில் இருக்கிற பூச்சியெல்லாம் மூக்கில் வந்து மோதும். ஒருநாள் அம்மா பட்டனை அழுத்திப் பிடித்ததில் சிவப்பு எரிந்தது. பூச்சி குறைந்தது. அது போதாதென்று, இலையெல்லாம் கறுத்துப் போய், முற்றின மொட்டு மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், வெள்ளை மொட்டு திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் விஷயம். பச்சை மாறாத இளமொட்டு மங்கலாகவே நிற்கிறது, அதனால் கை தவறிப் பறிப்பதும் குறைவு. லைட்டைச் செய்தவனுக்கு மல்லி என்று ஒரு பூ இருப்பதே தெரிந்திருக்காது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சிவப்புக்குக் கரன்ட்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கிறது.

இப்படிப்பட்ட லைட்டை ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்து, மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் ஒரு சொட்டு கூட ஏறியிருக்காது. சில நாள் ஏறியிருக்கும். அடுத்த நாள் இருக்காது. “லைட்டு செத்துப்போச்சு” என்று அம்மா ஒரு பக்கம், “ப்ளக்கைச் சரியா அழுத்தியிருக்க மாட்டீங்க” என்று தம்பி ஒரு பக்கம். வீட்டில் காலங்காத்தாலே சண்டை.

காரணம் இதுதான். தம்பியின் புது போனுக்கு வந்த சார்ஜரில் கேபிளின் இரண்டு முனையும் டைப்-சி. அந்த வகை சார்ஜர், எதிர்முனையில் ஒரு சாதனம் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கரன்ட்டைத் திறந்துவிடும். அது தெரிவதற்கு லைட்டின் டைப்-சி ஓட்டைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, இரண்டு இருக்க வேண்டும். எறும்புத் தலை அளவு இருக்கும், மொத்தமாக வாங்கினால் சில பைசாதான். அதை இவர்கள் வைக்கவில்லை! சார்ஜரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் யாருமே இல்லை, அதனால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய சார்ஜரில், அதாவது தட்டையான பெரிய யூஎஸ்பி ஓட்டை உள்ளதில், 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். கேட்கிறதும் இல்லை, சொல்கிறதும் இல்லை. அதில் மாட்டினால் லைட் ஏறும். எந்த ராத்திரி எந்த சார்ஜர் கைக்கு வந்ததோ, மறுநாள் வெளிச்சம் அதைப் பொறுத்தது. ஓட்டை டைப்-சி, பெட்டியில் டைப்-சி என்று கொட்டை எழுத்து, ஆனால் டைப்-சி சார்ஜரில் ஏறாது. 850 என்ன, 200 ரூபாய்க்குக் கொடுத்தாலும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நியாயமாகச் சொன்னால், தட்டை முனை கேபிள் ஒன்று பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள். ஒரு சாண் நீளம். எங்கள் கொட்டகையில் ப்ளக் பாயின்ட் ஆள் உயரத்தில் இருக்கிறது. லைட் அந்தரத்தில் தொங்கும். கேபிளின் கழுத்து சீக்கிரமே நைந்துபோனது.

பெரிய சார்ஜர் போட்டால் லைட் வெடிக்குமா என்று பாலக்கோட்டுத் தம்பி கேட்டிருந்தான். 67 வாட் என்று எழுதியிருந்தால் அது சார்ஜரால் கொடுக்க முடிகிற உச்சம். லைட் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். இந்த மாதிரி லைட்டுகள் 5 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர், அதற்கு மேல் வாங்குவதில்லை. அதனால் வாட் கூடிப்போச்சே என்று பயப்பட வேண்டாம், வேகமாக ஏறும் என்று ஆசைப்படவும் வேண்டாம். பயப்பட வேண்டியது உருண்டை பின்னுக்கு. எங்கள் பழைய ஹெட்லைட்டுக்கு உருண்டை பின் சார்ஜர். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கும் அதே அளவு பின். ஸ்பிரேயரில் 12 வோல்ட் பேட்டரி, லைட்டில் 4 வோல்ட்டைச் சுற்றி. பின் அழகாக உள்ளே போகும், அடுத்த நிமிஷம் புகை வரும். பழைய லைட்டின் கதை அப்படித்தான் முடிந்தது. வேலைக்கு வந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. பொருந்துகிற பின்னை யாராக இருந்தாலும் மாட்டத்தான் செய்வார்கள்.

சார்ஜர் விவகாரம் புரிந்தபின் நிம்மதி என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், ஒழுங்காக ஏற்றினாலும் பாதிப் பாத்தி தாண்டுவதற்குள் மங்கியது. திருகாணியைக் கழற்றினால் உள்ளே 18650 செல். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம், பவர் பேங்கிலும் பழைய லேப்டாப்பிலும் இருக்கிற அதே உருளை. மேலே 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. செல்லில் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு அது. இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிக்காரர்களே 3,500 வாக்கில்தான் தருகிறார்கள். அதனால் 9,900 என்று பார்த்ததுமே செல்லை நம்பாமல் விட்டுவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று பூ எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 31 கிராம். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். பூவைக் கிராம் கணக்கில் பார்த்து வாங்குகிற வீட்டில் இதை ஏன் முன்பே யாரும் எடை போடவில்லை என்று அப்பா கேட்டார். நல்ல கேள்விதான்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடையில் மாற்றினேன். 2,600 எம்ஏஎச், தராசில் 46 கிராம், வேலையோடு 280 ரூபாய். செல்மேல் நேராகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் செல் கெடும் என்று, தகடு ஒட்டி வந்த செல்லாகப் பார்த்து அதன் தகட்டில்தான் வயரைப் பற்றவைத்தார். செல்லின்மேல் ஐஎஸ் 16046 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்று அவரே சொன்னார். இந்த மாதிரி செல்களின் பாதுகாப்புக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண் அது. அந்த ரெசிஸ்டர் இரண்டையும் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். “அதெல்லாம் கண்ணுக்கே தெரியாதுங்க, அறுபது ரூபாய்க்கு நல்ல கேபிள் வாங்கிட்டுப் போங்க.”

வாங்கினேன். தட்டை முனை, ஒரு மீட்டர், கொஞ்சம் தடித்த வயர். மெல்லிசான கேபிளில் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, சார்ஜ் ஏற நேரம் இழுக்கும். பழைய போனின் 10 வாட் சார்ஜரில் கேபிளை நிரந்தரமாக மாட்டி, கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் தம்பிக்கு உதை. இப்போது மூன்று மணி நேரத்தில் நிறைகிறது. பறிப்பு முடிந்து வெயில் வந்தபிறகும் லைட்டில் மிச்சம் இருக்கிறது. இவ்வளவு நன்றாக இது புதுசிலும் எரிந்ததில்லை.

ஆனாலும் பாலக்கோட்டுத் தம்பி, நீ வாங்காதே. இருட்டில் மொட்டுத் தேடிப் பறிக்கிற வேலை தக்காளியில் இல்லை, அதனால் இந்தச் சிவப்பு உனக்குத் தேவைப்படாது. ராத்திரி மோட்டார் போடப் போவதற்குச் சாதாரண டார்ச் போதும். சிவப்பு இல்லாவிட்டால் இந்த லைட்டில் மிச்சம் இருப்பது ஒரு பொய்ச் செல்லும் ஒரு பொய் ஓட்டையும்தான். விலையை ஏன் குறைத்தார்கள் என்று நினைக்கிறாய்? அம்மாவிடம் கேட்டால் வாங்கச் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே.

மல்லி போட்டவர்கள் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்கழி, தையில் பூ குறைந்ததும் லைட்டைக் காலியாக அப்படியே தகரக் கொட்டகைப் பரணில் போட்டுவிடாதீர்கள். சும்மா கிடந்தாலும் செல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தால் நல்ல செல்லும் பழையபடி வராது. பாதி சார்ஜில், வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நடுவில் எப்போதாவது ஒருமுறை, தட்டை முனைக் கேபிளில், ஒரு மணி நேரம் ஏற்றினால் போதும்.