கென்ஷின் இம்பாக்ட்: காசு போடுவதென்றால் எதில் போடுவது?

கென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேமில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் முழுக் கதையையும் விளையாடலாம். 2020 செப்டம்பரில் வெளியானதிலிருந்து இந்த விஷயம் மாறவில்லை. காசு கரைவது பெரும்பாலும் பேனரில்தான், அதாவது கதாபாத்திரமோ ஆயுதமோ பெறுவதற்கான அதிர்ஷ்டக் குலுக்கலில்தான். ஆகவே கடையில் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இந்தப் பணத்துக்கு எத்தனை விஷ் (ஒருமுறை குலுக்கும் வாய்ப்பு) வரும்? ஒரு விஷ்ஷுக்கு 160 பிரிமோஜெம் என்ற விளையாட்டு நாணயம் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் ஜெனிசிஸ் கிரிஸ்டல் ஒன்றுக்கு ஒன்று என்று பிரிமோஜெம்மாக மாறும். ரூபாய் விலை அவ்வப்போது மாறுவதால் கீழே எல்லாமே டாலர் விலை.

99.99 டாலரின் பெரிய பேக்கில் 6480 கிரிஸ்டலும் போனஸாக 1600-ம் கிடைக்கும். மொத்தம் 8080, அதாவது 50 விஷ். ஒரு விஷ் ஏறத்தாழ 2 டாலர். 0.99 டாலர் பேக்கில் 60 கிரிஸ்டல்தான். மூன்று வாங்கினால்தான் ஒரு விஷ்ஷே தேறும். இப்போது வெல்கின் மூன் என்ற 30 நாள் பேக்கைப் பாருங்கள். 4.99 டாலருக்கு உடனே 300 கிரிஸ்டல், பிறகு 30 நாளும் தினம் 90 பிரிமோஜெம். மொத்தம் 3000, அதாவது கிட்டத்தட்ட 19 விஷ். ஒரு விஷ் 27 சென்ட். பெரிய பேக்கைவிட ஏழு மடங்குக்கு மேல் லாபம். மற்ற எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது.

'தினமும் உள்ளே வர முடியாது, வெல்கின் வீணாகிவிடும்' என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். வராத நாளின் 90 போய்விடும், நாளும் கழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதத்தில் 10 நாள் தவறினாலும் 2100 கைக்கு வரும். ஒரு விஷ் 38 சென்ட்தான். அதே 4.99 டாலருக்குச் சாதாரண கிரிஸ்டல் பேக்கில் கிடைப்பது 330. வெல்கின் வாங்கி ஒரே ஒரு நாள் மட்டும் 90-ஐ எடுத்தாலே 390 ஆகிவிடுகிறது. தேர்வு மாதமாக இருந்தாலும் கிரிஸ்டல் பேக்குக்குப் போகக் காரணமே இல்லை.

ஆசிய சர்வரில் நாள் மாறுவது நம்ம நேரத்துக்கு அதிகாலை 1:30. இரவு ஒரு மணிக்கு விளையாடுபவர்கள் 'இன்றைக்கு எடுத்துவிட்டோமே' என்று குழம்புவது இதனால்தான். வெல்கின் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா கிடையாது. முடிந்ததும் நாமே மறுபடி வாங்க வேண்டும். மறதிக்காரர்களுக்கு இடையில் சில நாள் விட்டுப்போகும். தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கினால் நாட்கள் சேர்ந்துகொள்ளும், 180 நாள் வரை.

அடுத்தது பேட்டில் பாஸ், அதாவது விளையாடி லெவல் ஏற ஏறப் பரிசு தரும் பாஸ். அதில் 9.99 டாலரின் நாஸ்டிக் ஹிம்ன் என்ற கட்டணப் பாதையில் 680 பிரிமோஜெம், 4 இன்டர்ட்வைன்ட் ஃபேட் (ஒன்றுக்கு ஒரு விஷ்), ஓர் ஆயுதம், கூடவே மோரா, புத்தகம், தாது எல்லாம் உண்டு. விஷ் கணக்கில் எட்டுச் சொச்சம்தான். ஒரு விஷ் 1.21 டாலர் ஆகிறது. வெல்கினோடு ஒப்பிட்டால் விலை கூடுதல். ஆனால் 30-ஆம் லெவலில் கிடைக்கும் ஆயுதம் பெரும்பாலும் கிரிட் ரேட் (அடி கூடுதலாக விழும் வாய்ப்பு) தருவது. செர்பென்ட் ஸ்பைன், டெத்மேட்ச் போன்றவை பல கதாபாத்திரங்களுக்குப் பல வருடம் உழைக்கும். புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் இரண்டு மூன்று பாஸ் நல்ல முதலீடு. ஆயுதங்கள் நிரம்பிய பழைய கணக்குக்கு அவ்வளவு தேவையில்லை.

இதில் பலர் செய்யும் பிழை, சீசன் தொடங்கிய அன்றே வாங்குவது. பாஸுக்கு வாரத்துக்குப் பத்து லெவல் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு வெர்ஷன், அதாவது ஒரு சீசன், ஆறு வாரம். இரண்டு வாரம் விட்டுப்போனால் 50-ஐ எட்டுவது கடினம், அந்த லெவலில் உட்கார்ந்திருக்கும் 680 பிரிமோஜெம் கைநழுவலாம். எப்போது வாங்கினாலும் அதுவரை ஏறிய லெவல்களின் பரிசு மொத்தமாக வந்துவிடும். எனவே முதலில் 50-ஐத் தொடுங்கள், வெர்ஷன் முடியும் முன் வாங்குங்கள். பத்து லெவலைத் தூக்கிவிடும், இதே பாஸின் 19.99 டாலர் கோரஸ் வகையின் பக்கம் போகவே வேண்டாம்.

கிரிஸ்டல் பேக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல்முறை இரட்டிப்பு உள்ளதை மட்டும் வாங்கலாம். ஒவ்வொரு பேக்கிலும் ஒருமுறை இந்தச் சலுகை உண்டு. பெரிய பேக் 12,960 ஆகும், விஷ் 1.23 டாலர். சிறிய பேக்குகளிலும் விகிதம் கிட்டத்தட்ட அதே; ஆகவே பெரியதுதான் லாபம் என்று நினைத்து நூறு டாலரை இறக்கத் தேவையில்லை. ஆண்டுவிழாவை ஒட்டி இரட்டிப்பு புதுப்பிக்கப்படுவதும் நடந்திருக்கிறது, அதுவரை பொறுக்கலாம்.

பிட்டியை (இத்தனை விஷ்ஷுக்குள் கட்டாயம் கிடைக்கும் என்ற விதியை) தெரிந்துகொள்ளாமல் டாப்-அப் செய்வதுதான், அதாவது காசு போடுவதுதான், பெரிய இழப்பு. கதாபாத்திர பேனரில் மிக அரிய ஐந்து நட்சத்திரம் வரும் வாய்ப்பு 0.6 சதவீதம். 74-ஆம் விஷ்ஷை நெருங்கும்போது வாய்ப்பு வேகமாக ஏறும், 90-இல் கட்டாயம் வரும். வந்தது பேனர் கதாபாத்திரமாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி; இல்லையென்றால் அடுத்தது நிச்சயம் அதுதான். 2024 ஆகஸ்டில் வந்த 5.0-க்குப் பிறகு இந்தப் பாதிக்குப் பாதி சற்று நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் திட்டமிடுபவர் மோசமான நிலையையே பிடிக்க வேண்டும்: 180 விஷ், 28,800 பிரிமோஜெம். இரட்டிப்பு தீர்ந்த பெரிய பேக்கில் இதற்கு நான்கு வாங்க வேண்டும், 400 டாலர். வெல்கினில் சேர்த்தால் பத்து மாதம், 50 டாலர். அதுவும் தினசரி கமிஷன் (அன்றாடப் பணிகள்) தரும் 60 பிரிமோஜெம்மைக் கணக்கில் சேர்க்காமல்.

பிட்டி அடுத்த கதாபாத்திர பேனருக்குத் தொடரும். 60 விஷ் போட்டு வரவில்லையே என்று பேனரின் கடைசி இரவில் பதறி டாப்-அப் செய்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். அந்த 60 எங்கும் போகாது. ஆயுத பேனரிலும் பிட்டி தொடரும். அங்கே 80-இல் ஐந்து நட்சத்திரம் கட்டாயம். ஆனால் விரும்பிய ஆயுதத்தைக் குறித்துவைக்கும் எபிடமைஸ்டு பாத்தில் ஏறிய புள்ளி, பேனர் முடிந்தால் அழிந்துவிடும். 160 விஷ் கையில் இல்லாமல் அந்த பேனரில் இறங்கக் கூடாது.

காசைத் தொடும் முன் விளையாட்டுக்குள் இருக்கும் பைமோன் கடையின் ஸ்டார்டஸ்ட் (விஷ் போடும்போது உபரியாகக் கிடைக்கும் நாணயம்) பகுதியைக் காலி செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூன்று நட்சத்திர ஆயுதமும் 15 ஸ்டார்டஸ்ட் தரும். 75-க்கு ஒரு ஃபேட். மாதம் 5 இன்டர்ட்வைன்ட் கிடைக்கும். ஒன்றாம் தேதி புதுப்பிப்பதற்குள் வாங்காவிட்டால் அந்த மாத ஒதுக்கீடு போயிற்று.

ரெசின் (சில பரிசுகளை எடுக்கத் தேவையான ஆற்றல்) நிரப்பப் பிரிமோஜெம் செலவழிக்காதீர்கள். முதல் நிரப்பல் 50-க்கு 60 ரெசின் என்று மலிவாகத் தெரியும். தினம் செய்தால் மாதம் 1500, வெல்கின் தரும் மொத்தத்தில் பாதி அங்கேயே போய்விடும். அதற்குக் கிடைப்பதோ எப்படி விழும் என்று சொல்ல முடியாத ஆர்ட்டிஃபாக்ட் (கதாபாத்திரத்துக்கு அணிவிக்கும் பொருள்).

வெல்கினில் வரும் 300 கிரிஸ்டலையும் உடனே மாற்றிவிடாமல் அப்படியே விடுங்கள். பிரிமோஜெம்மைத் திரும்பக் கிரிஸ்டலாக்க முடியாது; உடை வாங்கக் கிரிஸ்டல்தான் வேண்டும். நான்கு நட்சத்திர உடை அறிமுகத் தள்ளுபடியில் 1350, பிறகு 1680. ஐந்து மாத வெல்கினில் 1500 சேர்ந்திருக்கும், தனியாக டாப்-அப் செய்யாமலே உடை வந்துவிடும். பிளேஸ்டேஷனில் வாங்கிய கிரிஸ்டல் மொபைலில் தெரியாது என்பதையும் இரண்டிலும் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டும்.

பணம் கட்டும் இடம் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர், ஹோயோவெர்ஸின் டாப்-அப் தளம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். தளத்தில் வாங்கும்போது சர்வரையும் யூஐடியையும் (கணக்கு எண்) ஒருமுறை சரிபாருங்கள். ஐரோப்பா சர்வரில் விழுந்தது ஆசியாவுக்கு வராது. பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்று பாஸ்வேர்டு கேட்பவர்களை நம்பாதீர்கள். அவர்கள் வேறொருவர் கார்டில் வாங்கி, பிறகு அந்தப் பணம் திரும்பப் பெறப்பட்டால் கிரிஸ்டல் உங்கள் கணக்கில்தான் கழியும், இருப்பு மைனஸில் நிற்கும். பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் வைக்கலாம். ஆனால் அது எச்சரிக்குமே தவிர வாங்குவதைத் தடுக்காது. வீட்டுப் பிள்ளைகள் அதே போனை எடுக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு வாங்கலுக்கும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள்.